வாசிப்பைப் போற்றும் வரிகளைத் தேடி, சரிபார்த்து, தொகுப்பது எப்படி? – முழுமையான வழிகாட்டி

நூலக ஆண்டு விழாவோ பள்ளிப் புத்தகக் கண்காட்சியோ நெருங்கும்போது, "புத்தகத்தைப் பற்றி நாலு நல்ல வரி எடுத்துக் கொடுங்கள்" என்னும் பொறுப்பு யாராவது ஒருவர் தலையில் விழும். அந்த ஒருவராக நான் பல முறை இருந்திருக்கிறேன். முதல் முறை நானும் எல்லோரும் செய்வதையே செய்தேன். கைப்பேசிக்கு வந்திருந்த ஒரு பட்டியலிலிருந்து பத்து வரிகளைப் பொறுக்கிக் கொடுத்தேன், அவை பதாகையில் அச்சாகித் தொங்கின. "புத்தகங்கள் இல்லாத அறை, ஆன்மா இல்லாத உடல்" என்ற வரியின் கீழே ரோமானிய அறிஞர் சிசரோவின் பெயர் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "இது அவருடைய எந்தப் புத்தகத்தில் இருக்கிறது ஐயா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

பின்னர் தேடிப் பார்த்தபோது, அந்த வரி சிசரோவின் எழுத்தில் அந்த வடிவில் இல்லை என்பதும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜான் லப்பக் என்ற ஆங்கிலேயர், சிசரோ இவ்வாறு சொன்னதாகத் தம் நூலில் எழுதியதால் அது பரவியது என்பதும் தெரிந்தன. சிசரோ உண்மையில் எழுதியது, கி.மு. 56ஆம் ஆண்டளவில் தம் நண்பர் அட்டிகஸுக்கு அனுப்பிய கடிதத்தில் உள்ளது. தைரானியோ என்ற கிரேக்க அறிஞர் வந்து அவருடைய ஏடுகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்த பிறகு, "என் வீட்டுக்கு ஒரு மனம் சேர்ந்தாற்போல் இருக்கிறது" என்று அதில் மகிழ்கிறார். சிதறிக் கிடந்த ஏடுகளை அடுக்கி முடித்த ஒருவரின் அந்த நிம்மதி, பதாகையில் நான் தொங்கவிட்ட வரியைவிட எவ்வளவோ உயிருள்ளது. அன்று முதல் நான் கடைப்பிடித்து வரும் முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: யார் கண்ணில் படப்போகிறது என்பதை முடிவு செய்யுங்கள்

இதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு மூலைக்கு ஆத்திசூடியின் "ஓதுவது ஒழியேல்", "நூல் பல கல்" போன்ற இரண்டு மூன்று சொற்களே போதும். கல்லூரி நூலகத்தின் படிக்கட்டுச் சுவருக்கு ஒரு முழு வெண்பாவைக் கொடுக்கலாம். ஏறி இறங்கும்போது நாளும் கொஞ்சமாகப் படித்துக்கொள்வார்கள். மேடைப் பேச்சுக்கு எடுப்பதாயிருந்தால், வரியோடு அதன் பின்னணியும் ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். எண்ணிக்கையைக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவரில் பதினைந்து பொன்மொழிகள் இருந்தால் ஒன்றும் படிக்கப்படுவதில்லை.

படி 2: பட்டியலை மூடிவிட்டு நூலைத் திறவுங்கள்

"நூல்" என்பதைப் பற்றியே தமிழில் பேசிய இடங்கள் ஏராளம். ஆனால் நாம் திரும்பத் திரும்ப எடுப்பவை நான்கைந்து குறள்கள்தாம். 40ஆம் அதிகாரமான கல்வியிலிருந்து "கற்க கசடற" (391), "எண்ணென்ப ஏனை எழுத்தென்ப" (392), "தொட்டனைத் தூறும் மணற்கேணி" (396) ஆகியவை எல்லாப் பள்ளிச் சுவர்களிலும் இருக்கின்றன. அவற்றில் குறையொன்றும் இல்லை. பழகிப்போனதால் கண் அவற்றின்மீது நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். எனவே அதே நூலில் அடுத்தடுத்த அதிகாரங்களைப் புரட்டுங்கள்.

கல்லாமை என்ற 41ஆம் அதிகாரத்தின் முதல் குறள் இது: "அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்." கட்டம் வரையாமல் காய் உருட்டி விளையாடுவதும், நிறைந்த நூலறிவு இல்லாமல் அவையில் பேசுவதும் ஒன்று என்கிறார் வள்ளுவர். விவாத அரங்குக்கு இதைவிடப் பொருத்தமான வரியை நான் கண்டதில்லை. அவை அஞ்சாமை அதிகாரத்தில், நுட்பமான அவையைக் கண்டு அஞ்சுபவனுக்கு நூலால் என்ன பயன் என்று கேட்கும் "நூலொடுஎன் நுண்ணவை அஞ்சு பவர்க்கு" (726) இருக்கிறது. முதல் முறை மேடையேறும் மாணவருக்கு இது கொஞ்சம் கடுமையான மருந்துதான்.

குறளை விட்டு வெளியே வந்தால் நன்னூல் இருக்கிறது. இலக்கணப் புத்தகம் என்று பயந்து ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் பவணந்தி முனிவரின் பொதுப்பாயிரம், நூல் என்றால் என்ன, அதை எப்படிக் கற்பது என்பவற்றைப் பற்றியதே. "நூல்" என்ற சொல்லுக்கு இழை, புத்தகம் என்னும் இரு பொருளும் இருப்பதை வைத்து அங்கே இரண்டு வெண்பாக்கள் வருகின்றன. ஒன்றில் சொல்லே பஞ்சு, பனுவலே இழை, புலவனே நூற்கும் பெண், அவன் வாயே கை, அவன் மதியே கதிர் என்று ஒரு புத்தகம் உருவாகும் விதம் நூற்பு வேலையாக விரிகிறது. மற்றொன்று தச்சர் மரத்தின் வளைவைக் கண்டறியப் பிடிக்கும் நூலை எடுத்துக்கொள்கிறது:

"உரத்தின் வளம்பெருக்கி உள்ளிய தீமைப்
புரத்தின் வளமுருக்கிப் பொல்லா – மரத்தின்
கனக்கோட்டம் தீர்க்கும்நூல் அஃதேபோல் மாந்தர்
மனக்கோட்டம் தீர்க்கும்நூல் மாண்பு."

மரத்தின் கோணலை அந்த நூல் நீக்குவதுபோல் மனத்தின் கோணலை இந்த நூல் நீக்கும் என்பது கருத்து. தச்சுப் பட்டறை இருக்கும் ஊரின் நூலகத்தில் இதை எழுதி வைத்தால் விளக்கமே வேண்டாம்.

நாலடியாரில் 318ஆம் பாட்டு, புத்தகக் கண்காட்சியிலிருந்து பை நிறைய வாங்கி வந்து அடுக்கி வைத்துவிட்டுப் படிக்காமல் இருக்கும் நம்மை நேரே பார்த்துச் சொன்னது போலிருக்கும்:

"புத்தகமே சாலத் தொகுத்தும் பொருள்தெரியார்
உய்த்தக மெல்லாம் நிறைப்பினும் – மற்றவற்றைப்
போற்றும் புலவரும் வேறே பொருள்தெரிந்து
தேற்றும் புலவரும் வேறு."

வீடெல்லாம் புத்தகத்தால் நிறைத்தாலும், பாதுகாக்கும் புலவர் வேறு, பொருளை உணர்ந்து தெளிவிக்கும் புலவர் வேறு. "புத்தகம்" என்ற சொல் அச்சு இயந்திரத்தோடு வந்தது என்று நினைத்திருப்பவர்கள் அதை ஓலைச்சுவடிக் காலத்துப் பாட்டில் பார்த்து வியப்பார்கள். என் வீட்டு அலமாரியின் உள்கதவில் இதை ஒட்டி வைத்திருக்கிறேன். பலன் இன்னும் தெரியவில்லை.

புறநானூற்றின் 183ஆம் பாட்டு ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்ற பாண்டிய மன்னன் பாடியது: "உற்றுழி உதவியும் உறுபொருள் கொடுத்தும் பிற்றைநிலை முனியாது கற்றல் நன்றே." ஆசிரியருக்குத் தேவை வந்தபோது உதவியும், பொருள் கொடுத்தும், பின்னால் பணிந்து நிற்பதை வெறுக்காமலும் கற்பது நல்லது என்று சொல்பவன் படை நடத்திய அரசன் என்பதால், அந்தப் "பிற்றைநிலை" என்ற சொல்லுக்குத் தனிக் கனம் சேர்கிறது. 20ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் பாரதிதாசனின் "புனிதமுற்று மக்கள்புது வாழ்வு வேண்டில் புத்தகசாலை வேண்டும் நாட்டில் யாண்டும்" இருக்கிறது. "காலையில் படி கடும்பகல் படி மாலை இரவு பொருள்படும்படி" என்னும் அவருடைய சொல்விளையாட்டைச் சிறுவர்கள் ஒரு முறை கேட்டாலே பிடித்துக்கொள்வார்கள்.

படி 3: சந்தியைப் பிரித்தும் சேர்த்தும் தேடுங்கள்

வரியின் மூலத்தைக் கண்டுபிடிக்க மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம், ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் வலைத்தளம் ஆகியவை கைகொடுக்கின்றன. ஆனால் தேடுபெட்டியில் முழு வரியைத் தட்டினால் பல நேரங்களில் ஒன்றும் வராது. ஒரு பதிப்பில் "தொட்டனைத் தூறும்" என்று யாப்பின் சீர்ப்படி இருக்கும். இன்னொன்றில் "தொட்டனைத்து ஊறும்" என்று சந்தி பிரித்து இருக்கும். "கேடில் விழுச்செல்வம்" ஓரிடத்தில், "கேடுஇல் விழுச்செல்வம்" வேறிடத்தில். ஆகவே புணர்ச்சியில் மாறாத, அதிகம் வழங்காத இரண்டு சொற்களை மட்டும் எடுத்துத் தேடுங்கள். "மணற்கேணி" என்றால் உடனே கிடைக்கும். "அறிவு" என்று தேடினால் ஆயிரம் இடம் வரும்.

கிடைத்த பின்பு குறைந்தது ஓர் அச்சுப் பதிப்போடு ஒப்பிடுவது நல்லது, ஏனெனில் மின்பதிப்புகளில் தட்டச்சுப் பிழை இருக்கக்கூடும். ஓலையிலிருந்து வந்த நூல்களில் பாடவேறுபாடும் உண்டு. இரு பதிப்புகளில் ஒரு சொல் மாறியிருந்தால் அதைப் பிழையென்று முடிவு கட்டாமல், எந்தப் பதிப்பைப் பின்பற்றினோம் என்று குறித்து வையுங்கள்.

படி 4: தெரிந்த சொல் என்று எண்ணும் சொல்லை அகராதியில் பாருங்கள்

தெரியாத சொல் தொல்லை தராது. அதை எப்படியும் பார்த்துவிடுவோம். தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லே ஏமாற்றும். மணற்கேணிக் குறளில் "தொட்டனைத்து" என்பதைக் கையால் தொடுவது என்று விளக்கிய பேச்சாளர்களைக் கேட்டிருக்கிறேன். அங்கே தொடுதல் என்றால் தோண்டுதல். எவ்வளவு தோண்டுகிறோமோ அவ்வளவு நீர் ஊறும் என்பதே உவமை. ஆற்று மணலில் கையால் ஊற்றுப் பறித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். "மாடல்ல மற்றை யவை" (400) என்பதில் மாடு என்றால் செல்வம். முன்னே பார்த்த குறளின் "கோட்டி", கற்றோர் கூட்டத்தைக் குறிக்கும். திருநெல்வேலிப் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டால் வேறு பொருளில்தான் எடுத்துக்கொள்வார்கள், ஆகவே அங்கே சுவரில் எழுதும்போது உரையையும் சேர்த்து எழுதிவிடுங்கள். பரிமேலழகர் உரையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலான சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

படி 5: முன் வரியையும் பின் வரியையும் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். பொன்மொழி என்று நம் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு பாட்டிலிருந்தோ கடிதத்திலிருந்தோ வெட்டி எடுத்த துண்டு. வெட்டியபோது விழுந்த பகுதியில்தான் பல நேரம் சுவையே இருக்கும்.

நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். "கற்றது கைமண் அளவு, கல்லாதது உலகளவு" என்பதைத் தெரியாதவர் இல்லை. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் சுவரில் இதைப் பொறித்து வைத்திருக்கிறார்கள் என்று ஆதாரம் எதுவும் காட்டாமல் ஒரு செய்தி சுற்றி வருகிறது. இந்த வரிக்கு அந்தச் சான்றிதழ் எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அது ஔவையார் பெயரில் வழங்கும் ஒரு தனிப்பாடலின் தொடக்கம். அந்தப் பாட்டு, கலைமகளே அவ்வாறு சொல்லி இன்னும் ஓதிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, வீண் பந்தயம் பேச வேண்டாம் புலவர்களே என்று அதட்டி, "எறும்புந்தன் கையால்எண் சாண்" என்று முடிகிறது. எறும்பும் தன் கையால் அளந்தால் எட்டுச் சாண்தான். கற்றவர்களின் செருக்கைக் குத்தும் கேலிப் பாட்டை நாம் அமைதியான அறிவுரையாக மாற்றி வைத்திருக்கிறோம். எறும்பையும் சேர்த்து எழுதிப் பாருங்கள், படிப்பவர் முகத்தில் சிரிப்பு வரும்.

திருக்குறளில் ஒரு நூலை மறுபடி மறுபடி படிக்கும் இன்பத்தை நேரடியாகச் சொல்லும் குறள் கல்வி அதிகாரத்தில் இல்லை. அது நட்பு அதிகாரத்தில் இருக்கிறது: "நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு" (783). பண்புள்ளவர்களின் நட்பு பழகப் பழக எப்படி இனிக்கிறது என்று விளக்க வந்தவர், படிக்கப் படிக்க இனிக்கும் நூலை உவமையாக எடுத்திருக்கிறார். தெரிந்ததைக் கொண்டுதான் தெரியாததை விளக்குவது வழக்கம். அப்படியானால் மறுவாசிப்பின் சுவை எல்லோரும் அறிந்தது என்று வள்ளுவர் எண்ணியிருக்கிறார். இன்னும் நயமானது காமத்துப்பாலில் உள்ள "அறிதோறு அறியாமை கண்டற்றால் காமம் செறிதோறும் சேயிழை மாட்டு" (1110). காதலியோடு கூடுந்தோறும் புதுமை தோன்றுவது, அறிய அறிய நம் அறியாமை தெரிவதைப் போன்றது. முதல் மூன்று சொற்களை மட்டும் வெட்டி எடுத்துக் கல்வி பற்றிய பொன்மொழியாகப் போடுபவர்கள் உண்டு. எந்தப் பாலிலிருந்து எடுத்தோம் என்று தெரியாமல் ஆரம்பப் பள்ளியில் இதற்கு விளக்கம் சொல்லப் போனால் திணற வேண்டியிருக்கும்.

அயல்நாட்டு வரிகளுக்கும் இதே விதிதான். சொர்க்கம் ஒரு நூலகமாகத்தான் இருக்கும் என்று அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் சொன்னதாகத் தேநீர்க் கோப்பைகளில்கூட அச்சிட்டு விற்கிறார்கள். அவர் 1955இல் தம் நாட்டின் தேசிய நூலகத்துக்கு இயக்குநரானார். அந்தக் காலத்திலேயே அவரால் எழுத்தைப் படிக்க முடியாத அளவுக்குப் பார்வை போய்விட்டிருந்தது. புத்தகங்களையும் இருளையும் ஒருசேரத் தந்த இறைவனின் முரண்நகையைப் பேசும் கவிதையில்தான் அந்த வரி வருகிறது; சொர்க்கத்தை ஒரு நூலகமாகக் கற்பனை செய்திருந்த நான், இப்போது இந்த அரையிருளில் கைத்தடியால் தடவித் தடவி நடக்கிறேன் என்பது அதன் பொருள். கோப்பையில் உள்ளது மகிழ்ச்சி வாசகம். கவிதையில் இருப்பது பறிபோன ஒன்றைப் பற்றிய வலி.

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெக்கார்த் பெயரில், உலகின் மூலை முடுக்கெல்லாம் போக விரும்பினால் நூலகத்துக்குப் போ என்ற வரி தமிழ்ப் பட்டியல்களில் உலவுகிறது. அந்தப் பட்டியல்கள் எதிலும் நூற்பெயர் இராது. 1637இல் வெளியான அவருடைய "முறை பற்றிய உரை"யின் முதல் பகுதியில் வேறொரு வரி இருக்கிறது: நல்ல நூல்களைப் படிப்பது, சென்ற நூற்றாண்டுகளின் மேன்மக்களோடு உரையாடுவதைப் போன்றது. அருமையான வரி, ஐயமில்லாமல் அவருடையது. ஆனால் தொடர்ந்து படித்தால், ஏட்டுக் கல்வியை விட்டுவிட்டு "உலகம் என்னும் பெருநூலை"ப் படிக்க ஊர் ஊராகப் புறப்பட்டேன் என்றும் அதே பகுதியில் எழுதியிருக்கிறார். நூலகத்துக்குப் போகச் சொன்னதாக நாம் நம்பும் மனிதர், நூலகத்திலிருந்து வெளியே போன கதையைத்தான் அங்கே சொல்லியிருக்கிறார்.

ஜெர்மானியக் கவிஞர் ஹைனேயின் வரியையும் சொல்ல வேண்டும்: நூல்களை எரிக்கும் இடத்தில் முடிவில் மனிதர்களையும் எரிப்பார்கள். 1933இல் நாஜிகள் பெர்லினில் நூல்களை எரித்ததைப் பார்த்து எழுதியது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதற்கு நூறாண்டுக்கும் முன்னால், 1820களின் தொடக்கத்தில் வந்த "அல்மன்சோர்" நாடகத்தில், ஸ்பெயினின் கிரனாடாவில் குர்ஆனை எரித்ததைக் கேள்விப்பட்ட ஒரு பாத்திரம் பேசும் வசனம் அது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த வரியைத் தனியே விளக்க வேண்டியதில்லை. இதை அலங்காரச் சுவரில் எழுதாதீர்கள். நூலக எரிப்பின் நினைவு நாளில் படிக்க எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பெரிய பெயர் இருந்தால் இரட்டிப்பாகச் சந்தேகப்படுங்கள்

ஒரு கோடி ரூபாய் கிடைத்தால் நூலகம் கட்டுவேன் என்று காந்தியடிகளின் பெயரிலும், மனிதனின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு புத்தகம் என்று ஐன்ஸ்டீனின் பெயரிலும் வரும் வரிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என்று, எங்கே, யாரிடம் சொன்னார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்கும்வரை அவற்றைத் தொகுப்பில் சேர்க்காதீர்கள். காந்தியடிகளின் எழுத்தும் பேச்சும் ஆங்கிலத்தில் 100 தொகுதிகளாக வந்து, இணையத்திலும் கிடைப்பதால் தேடிப் பார்ப்பது கடினமன்று.

நீக்கிய வரிக்கு மாற்றாக உண்மையான ஒன்றைத் தேடுங்கள்; அது பெரும்பாலும் சிறந்ததாக இருக்கும். காந்தியடிகளின் சத்திய சோதனையில் ஒரு புத்தகத்தின் மாய சக்தியைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே உண்டு. 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்டபோது, நண்பர் போலாக் வழியில் படிக்க ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் "கடையனுக்கும் கதிமோட்சம்" நூலைக் கொடுத்தார். எடுத்த பின் கீழே வைக்க முடியவில்லை, அன்றிரவு தூக்கம் வரவில்லை, அந்நூலின் கொள்கைப்படி வாழ்க்கையை மாற்றிக்கொள்ளத் தீர்மானித்தேன் என்று எழுதுகிறார். அதன் விளைவாகத்தான் பீனிக்ஸ் குடியிருப்பு எழுந்தது. கற்பனைக் கோடி ரூபாயைவிட இந்த ஒரு ரயில் பயணம் மாணவர்களிடம் அதிகம் பேசும்.

டச்சு அறிஞர் எராஸ்மஸின் வரியும் இப்படிப்பட்டதே. பணம் கிடைத்தால் முதலில் புத்தகம் வாங்குவேன், மிஞ்சினால் உணவும் உடையும் என்று சுற்றி வருகிறது. 1500ஆம் ஆண்டு அவர் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் உள்ளது இன்னும் துல்லியமானது: கையில் பணம் வந்ததும் முதலில் கிரேக்க ஆசிரியர்களை வாங்குவேன், பிறகு துணி. சாப்பாடு பின்னால் வந்தவர்கள் சேர்த்த கூட்டு.

படி 7: எதிர்க்குரலுக்கும் இடம் கொடுங்கள்

புகழ்ச்சி மட்டும் நிறைந்த தொகுப்பு அலுத்துவிடும். "நூல் பல கல்" என்ற ஔவையின் பக்கத்தில், "கல்வி கரையில கற்பவர் நாள்சில" என்று தொடங்கும் நாலடியாரை (135) வையுங்கள். கற்பவருக்கு வாழ்நாளும் குறைவு, நோயும் பல, ஆகவே நீரை விட்டுப் பாலை உண்ணும் பறவைபோலத் தேர்ந்து படியுங்கள் என்கிறது அது. "கண்டது கற்கப் பண்டிதன் ஆவான்" என்ற பழமொழி அதற்கு நேர் எதிரே நிற்கும். ஊழ் அதிகாரத்தில் "நுண்ணிய நூல்பல கற்பினும் மற்றுந்தன் உண்மை யறிவே மிகும்" (373) என்று வள்ளுவரே கை விரிக்கிறார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பதையும் விட்டுவிடாதீர்கள். வாசகர் வட்டத்தில் இந்த ஐந்தையும் ஒரு பலகையில் எழுதி வைத்துவிட்டு உட்கார்ந்தால், ஒரு மாலை முழுதும் பேச்சு ஓடும்.

வேற்றுமொழி வரிகளைத் தமிழ் வரிகளோடு இணைத்து வைப்பதும் பலன் தரும். சில நூல்களைச் சுவைக்க வேண்டும், சிலவற்றை விழுங்க வேண்டும், மிகச் சிலவற்றையே மென்று செரிக்க வேண்டும் என்று ஆங்கிலக் கட்டுரையாளர் பேக்கன் 1597இல் எழுதினார். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நன்னூல், தலைமாணாக்கருக்கு அன்னத்தையும் பசுவையும் உவமை சொல்கிறது. வயிறு நிறைய மேய்ந்துவிட்டு ஓரிடத்தில் படுத்து அசைபோடும் பசுதான் அது. கடைமாணாக்கருக்குச் சொன்னவற்றுள் ஒன்று நெய்யரி, அதாவது நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பன்னாடை. அந்தச் சொல்லை இன்று வசையாகப் பயன்படுத்துபவர்களுக்கு அதன் பின்னே ஒரு வாசிப்புக் கொள்கை இருப்பது தெரிந்திருக்காது.

மொழிபெயர்க்கும்போது சொல்லுக்குச் சொல் வைக்காமல் காட்சியைத் தமிழில் நிறுத்துங்கள். ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்கா தம் 20 வயதில், 1904 ஜனவரியில், நண்பர் ஆஸ்கர் போலாக்குக்கு எழுதிய கடிதத்தில் வரும் வரியை, "நமக்குள் உறைந்து கிடக்கும் கடலைப் பிளக்கும் கோடரியாகப் புத்தகம் இருக்க வேண்டும்" என்று நான் எழுதிக்கொண்டேன். உறைந்த கடலைப் பார்த்திராத நமக்கு "பனிக்கட்டிக் கடல்" என்பதைவிட "உறைந்து கிடக்கும்" என்பதில் அந்த விறைப்பு கூடுதலாகத் தெரிகிறது.

படி 8: ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை

தபால் அட்டை அளவில் தடித்த தாளை வெட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் வரியை அடி பிரித்து எழுதி, கீழே ஆசிரியர், நூல், அதிகாரம் அல்லது பாட்டெண், பார்த்த பதிப்பு, பக்கம் ஆகியவற்றைக் குறியுங்கள். பின்பக்கத்தில் முன்பின் வரிகளின் சுருக்கமும், அருஞ்சொற்பொருளும், யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்பதும் இருக்கட்டும். மூலம் கிடைக்காத வரிகளுக்குத் தனி உறை வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பத் தேடுங்கள். ஆசிரியர் தெரியாத பழமொழியைப் பழமொழி என்றே எழுதுங்கள். யாராவது ஒரு பெரியவர் பெயரை ஒட்டி அதற்கு மதிப்புக் கூட்ட வேண்டியதில்லை.

படி 9: வரியும் நூலும் அருகருகே இருக்கட்டும்

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும், நூலகம் வளரும் உயிர். இவை நூலகர்களுக்கான விதிகள் என்றாலும் பொன்மொழி எழுதும் சுவருக்கும் அப்படியே பொருந்துகின்றன. மூன்றாவது விதியை நான் நேரடியாக எடுத்துக்கொண்டேன்: எழுதும் ஒவ்வொரு வரியின் கீழும் நூற்பெயரோடு அந்நூல் உள்ள அலமாரி எண்ணையும் எழுதச் சொல்வேன். இடமும் அதற்கேற்றதாக இருந்தால் நல்லது. தச்சர் நூல் வெண்பா இலக்கண அடுக்கின் பக்கத்திலும், காந்தியடிகளின் ரயில் பயணம் தன்வரலாற்று அடுக்கின் பக்கத்திலும் இருக்கட்டும்.

எழுதுபவரிடம் கையெழுத்துப் படியைக் கொடுக்காமல் தட்டச்சு செய்து, சந்தியெழுத்துகளைச் சரிபார்த்துக் கொடுங்கள். வண்ணம் காய்வதற்குள் ஒரு முறை நேரில் போய்ப் படித்துப் பாருங்கள். "கசடற" என்பது "கசடர" ஆகிவிட்டால் அடுத்த வெள்ளையடிப்பு வரை அது அப்படியேதான் நிற்கும். எழுதப் போகும் வரியின் நூல் நூலகத்தில் இல்லையென்று தெரிந்தால், வரியை நிறுத்தி வைத்துவிட்டு முதலில் நூலுக்குப் பரிந்துரை எழுதிக் கொடுங்கள். நாலடியார் 318 எங்கள் நூலகச் சுவரில் ஏறுவதற்கு அந்தக் காரணத்தால் எட்டு மாதம் பிடித்தது.